இருக்கியா, கோக்பெல்?

மெலிஸ்: …நேத்தும் செத்துட்டீங்க, புருல் அக்கா. மத்தியானம் சரியா ஒரு மணிக்கு. இந்த மாசம் இதோட ஒன்பது தடவை.

புருல்: செத்தவளுக்கே போன் பண்ணிச் சொல்றியே தம்பி, நல்லாருக்கு!

மெலிஸ்: உங்களை இல்லக்கா, உங்க ஆஸ்பத்திரியை. இங்க நரின் டவுன்ல என் திரையில பதினேழு மலை ஆஸ்பத்திரி இருக்கு. பதினாறு பச்சை. கோக்பெல் மட்டும் தினமும் சிவப்பு.

புருல்: நான் இங்க மூச்சு விட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்? ஊருக்கே ஒரே நர்ஸு!

மெலிஸ்: நீங்க விட்டா போதாது. இங்கேருந்து கணினி "இருக்கியா?"ன்னு உங்க இன்டர்நெட் பெட்டியைக் கேட்கும். அஞ்சு நொடி பார்க்கும். பதில் இல்லைன்னா மறுபடி. இப்படி மூணு தடவை. அப்பவும் இல்லைன்னா… செத்ததுன்னு எழுதிடும்.

புருல்: மூணே தடவையா! என் வீட்டுக்காரரைச் சாப்பிடக் கூப்பிட்டாலே ஏழு தடவை ஆகுது.

மெலிஸ்: அவரு என் திரையில இல்லாதது அவரு அதிர்ஷ்டம். அது சரி… எங்க அப்பாவைப் பார்த்தீங்களா? போன்ல கேட்டா குதிரை மாதிரி இருக்கேங்கறாரு.

புருல்: அவரா… குதிரைதான். நல்லாவே கனைக்கிறாரு. நீ இதைச் சொல்லு, நம்ம மலைப்பக்கம் விருந்தாளிக்குக் கோப்பை நிறைய டீ ஊத்துனா என்ன அர்த்தம்?

மெலிஸ்: குடிச்சிட்டுக் கிளம்புன்னு.

புருல்: உன் கணினி அப்படித்தான் ஊத்துது. கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி இருக்க வைக்கத் தெரியல.

மெலிஸ்: சிரிக்காதீங்கக்கா. பத்தாவது சிவப்பு விழுந்தா இணைப்பை வேற ஊருக்குக் கொடுத்துடுவாங்க. அப்புறம் பிரசவத்துக்கு டாக்டரைத் திரையில கூப்பிட முடியாது.

புருல்: …தெரியும். சைராவுக்கு வர்ற வாரம். இரட்டைப் புள்ளை வேற. இந்தப் போனோ குரலுக்கே திக்குது.

மெலிஸ்: பனியில பதில் வர நேரமாகுதோன்னு பதினஞ்சு நொடியாக்கூடக் கூட்டிப் பார்த்தேன். அப்பவும் சிவப்பு. இதோ, மணி ஒண்ணாகப் போகுது…

புருல்: ஆமா, ஆகப்போகுது. வெச்சுடறேன் தம்பி.

மெலிஸ்: என்ன அவசரம்? …அங்க யாரு இருமுறது?

புருல்: ஆட்டுக்குட்டி.

மெலிஸ்: ஆஸ்பத்திரிக்குள்ளயா?

புருல்: வெளியில குளிருதுல்ல.

மெலிஸ்: ஆட்டுக்குட்டி கம்பளித் தொப்பி போட்டிருக்கா?

புருல்: போட்டா என்ன? உனக்குப் பொறாமையா?

மெலிஸ்: அக்கா… ஒரு மணிக்குப் பெட்டியோட ப்ளக்கைப் பிடுங்கறீங்கதானே?

புருல்: …பன்னெண்டே நிமிஷம் தம்பி. மேகம் மூடிக்கிட்டு சோலாருக்கு வெயிலே இல்ல, பேட்டரியும் பழசு. மூச்சுக்கு மருந்துப் புகை பிடிக்கிற மெஷினும் உன் பெட்டியும் சேர்ந்து ஓடாது. ஆட்டுக்குட்டிக்கு நெஞ்சு இரைக்குது. அதான்…

மெலிஸ்: எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

புருல்: சத்தியம் வாங்கியிருக்கு. முக்கியமா உங்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு.

மெலிஸ்: அதுக்கே மூச்சு இல்ல, இதுல உங்களையும் விடக்கூடாதுன்னுச்சா! …பிடுங்குங்கக்கா. மெஷினைப் போடுங்க.

புருல்: பத்தாவது சிவப்பு விழுமே!

மெலிஸ்: விழாது. தலைமைப் பொறியாளரம்மாகிட்ட விஷயத்தைச் சொல்லிக் காலையிலயே கையெழுத்து வாங்கிட்டேன். கோக்பெல்லுக்கு மட்டும் நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு இருபது தடவை கேட்கும். அப்புறந்தான் சிவப்பு. கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஊத்தும்.

புருல்: காலையிலயேவா? எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே என்னைக் கிண்டினியா!

மெலிஸ்: தினமும் அதே நேரம், அதே பன்னெண்டு நிமிஷம். பனி இவ்வளவு ஒழுங்கா வேலை செய்யாதுக்கா, ப்ளக்கைப் பிடுங்குறீங்கன்னு புரிஞ்சுது. யாருக்குன்னு இப்ப இருமல்லதான் தெரிஞ்சுது. நாளைக்கு ரொட்டி வண்டியில புது பேட்டரி வருது. ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன்.

புருல்: ஆண்டவன் உன்னை நல்லா வெச்சிருக்கட்டும்ப்பா. …இரு. ம். மெஷினைப் போட்டுட்டேன்.

மெலிஸ்: இப்ப ஆட்டுக்குட்டிகிட்ட போனைக் கொடுங்க.

புருல்: ஐயோ, அது… வாயில குழாய் இருக்கு.

மெலிஸ்: பரவாயில்ல. காதுல வெச்சுப் பிடிங்க. …இருக்கீங்களா?

புருல்: தலையை ஆட்டுது தம்பி, பேசமாட்டேங்குது.

மெலிஸ்: இருக்கீங்களா? …நான் இருபது தடவை கேட்பேன். …இருக்கீங்களா?

ஆட்டுக்குட்டி: …ம்மே. இருக்கேன்டா மகனே… அப்பா இருக்கேன்.