வெல்டிங் விடவில்லை

ஏற்காட்டில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு டயரைவிடப் பிரேக் ஷூதான் சீக்கிரம் தேயும். கீழேயிருந்து வருகிறவர்களுக்கு இது தெரியாது. இறங்கும்போது பின் சக்கரத்தில் கருகின வாசனை அடித்தது என்று அடுத்த முறை மலையேறும்போது என் கொட்டகையில் நிறுத்திக் கேட்பார்கள். நான் உட்காரவைத்து விளக்குவேன். விளக்கிச் சொல்வது எனக்குப் பிடித்த வேலை. உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. அவசரப்படாமல் கேட்டால் எல்லாம் புரியும்.

நான் வந்தது ஒரு தவறைத் திருத்துவதற்காக. குணசீலன் வண்டியில் வெல்டிங் விட்டுப்போனதால்தான் விபத்து என்று ஒண்டிக்கடை முக்கில் பேசிக்கொள்கிறார்கள். உங்கள் ஆட்களும் அதையே சொல்கிறார்களாம். வெல்டிங் விடவில்லை. உடைந்த இடத்தை ஒரு தடவை பாருங்கள். குழாய் கிழிந்திருக்கிறது, ஒட்டுப் போட்ட இடம் அப்படியே இருக்கிறது. பாறையில் மோதிய பிறகு கிழிந்த குழாய் அது. இந்தத் தேவசிகாமணி ஒட்டியது விட்டுப்போனது என்று இந்த மலையில் இதுவரை யாரும் சொன்னதில்லை.

செல்வமேரியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். என் மனைவி. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தாள். மலைப்பாதை ஓரமாக நடந்துதான் வேலைக்குப் போவாள். பனி இறங்கிய நாட்களில் இங்கே நடப்பவர்களுக்குக் கண்ணால் பிரயோசனமில்லை, காதுதான் எல்லாம். வண்டிச் சத்தம் கேட்டால் ஒதுங்குவோம். ஆனால் இறக்கத்தில் இஞ்சினை அணைத்து, நியூட்ரலில் உருட்டிக்கொண்டு போவது எங்கள் பக்கத்து வழக்கம். பெட்ரோல் மிச்சம். நானும் செய்திருக்கிறேன். எண்பத்திரண்டில் ஒரு காலை குணசீலனின் ஜீப் அப்படித்தான் வந்தது. லாட்ஜ்காரர் மகன் குணசீலன். அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது. பனிதான் காரணம் என்று வழக்கு முடிந்தது. கோர்ட் வாசலில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து அவனே என் கொட்டகைக்கு வந்தான். டெம்போவில் ஒரு பழைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் கிடந்தது. வெள்ளைக்காரத் துரை யாரோ விட்டுப்போன ஐந்நூறு சி.சி. வண்டி. காப்பிக் கிடங்கில் சாக்குகளுக்கு அடியில் இருந்ததாம். கையில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றிலிருந்து கிழித்த வண்ணப்படம் வைத்திருந்தான்; அதில் இருப்பது மாதிரியே இதை மாற்றித் தர வேண்டுமாம்.

"மனசுல எதும் வெச்சுக்காதீங்ணா" என்றான். "இந்த மலையில லேத்தும் கேஸ் வெல்டிங்கும் உங்ககிட்டத்தான் இருக்குது. முடியாதுன்னாலும் சொல்லீருங்க, போயர்றன்."

"படத்தைக் குடுங்க தம்பி" என்றேன்.

நல்ல வண்டி அது. படத்தைப் பார்த்த அன்றே எப்படிச் செய்வது என்று தெரிந்துவிட்டது, வேறொன்றும் தெரிந்துவிட்டது. சாதாரண வண்டியில் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். இதில் அது சாய்வு நாற்காலி மாதிரிப் படுத்திருந்தது. அதற்குச் சட்டத்தின் கழுத்தை அறுத்து, சாய்வை மாற்றி ஒட்ட வேண்டும். ஃபோர்க் குழாய்களை நீட்ட வேண்டும். இப்படிப்பட்ட வண்டி நேர்ச்சாலையில் கையை விட்டாலும் ஒழுங்காகப் போகும். கொண்டை ஊசி வளைவில் மட்டும் முன் சக்கரம் தானாக உள்பக்கம் மடங்கப் பார்க்கும், இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாக வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடி தோள் உயரத்துக்கு வளைந்து நிற்க வேண்டும் என்றான். வெறும் குழாயை வளைத்தால் வளைகிற இடம் நசுங்கிவிடும். உள்ளே காய்ந்த ஆற்றுமணலைத் தட்டித் தட்டி நிரப்பி, இரண்டு முனையையும் அடைத்து, பழுக்கக் காய்ச்சி வளைத்தால் சுருக்கமே விழாது. அதைப் பார்க்க நீங்கள் இருந்திருக்க வேண்டும்.

படத்தில் கியரைக் காலால் போடவில்லை. தொடைப் பக்கத்தில் ஒரு கம்பி நின்றது, அதைக் கையால் தள்ள வேண்டும். கிளட்ச் இடது காலுக்கு. அதனால் பிரேக் மிதியை வலது பக்கம் கொண்டுபோக வேண்டியிருந்தது; குறுக்கே ஒரு தண்டு போட்டுச் செய்தேன். முன் சக்கரத்தில் பிரேக்கே இல்லை. சுத்தமான சக்கரம், அவ்வளவுதான்.

முன் பிரேக் வேண்டாம் என்பதை அவன் வாயாலேயே கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. கொட்டகையில் தனியாகக் கேட்டிருந்தால் யோசித்திருப்பான். ஒண்டிக்கடை டீக்கடையில், அவன் சேக்காளிகள் இருக்கும்போது கேட்டேன்.

"தம்பிக்குப் பயமா இருந்தாச் சொல்லுங்க, முன்னாடி ஒரு பிரேக் வெச்சுத் தந்தர்றனுங்க."

ஜீப் ஓட்டும் சின்னையன் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "அப்படியே மூணாவதா ஒரு சக்கரமும் வெச்சுக் குடுத்துருங்க மேஸ்திரி. கொழந்தை உளுகாம ஓட்டும்."

"போடா" என்றான் குணசீலன். முகம் சிவந்துவிட்டது. "படத்துல இல்லாதது எதும் எனக்கு வேண்டாங்ணா."

மறுநாள் மட்டும் வந்து, படத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டான். ஆரன். நல்ல சத்தமாக இருக்க வேண்டும் என்றான். பேட்டரியில் நேராகச் சேர்த்துப் பொருத்திக் கொடுத்தேன்.

இனிப் பிரேக்கைப் பற்றிச் சொல்கிறேன். மலை உச்சியில் நிற்கிற வண்டி, ஏறி வந்த உயரம் முழுவதையும் தனக்குள் வைத்திருக்கிறது. இறங்கும்போது அது எங்காவது செலவாக வேண்டும். கியரில் இருந்தால் இஞ்சின் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். இஞ்சினை அணைத்து நியூட்ரலில் விட்டால் எல்லாம் பிரேக்குக்குத்தான் வரும், வந்து சூடாக மாறும். சூடு ஏறினால் சக்கரத்தோடு சுற்றும் இரும்பு டிரம் விரிந்து பெரிதாகும். உள்ளேயிருக்கும் ஷூ அதை எட்டிப் பிடிக்க இன்னும் தூரம் போக வேண்டும். நீங்கள் ஒரு சுவரைத் தள்ளிக்கொண்டு நிற்கும்போது சுவர் விலகிக்கொண்டே போனால் எப்படியிருக்கும், அப்படி. ஷூவின் மேல்பரப்பும் வழவழப்பாகிவிடும். பிறகு மிதித்தால் மிதி மட்டும் இறங்கும். முன்னும் பின்னும் இரண்டு டிரம் இருந்தால் சூட்டைப் பங்கிட்டுக்கொள்ளும். இதில் ஒன்றுதான்.

அந்த நிலைமையில் வண்டியை மறுபடி கியருக்குக் கொண்டுவந்தால் தப்பிக்கலாம். அதற்கு ஒரு கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்க வேண்டும். வளைவில் எடுத்தால் என்ன ஆகும் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

பார்த்தீர்களா, நான் எதையும் அறுத்துவைக்கவில்லை. எந்த நட்டையும் தளர்த்தவில்லை. அப்படிச் செய்வது அசிங்கம். ஒவ்வொன்றும் அவன் கேட்டது. இறக்கத்தில் இஞ்சினை அணைக்கிற வழக்கமும் அவனுடையதுதான், நான் கற்றுக்கொடுத்ததல்ல. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வண்டி முக்கால்வாசி முடிந்தபோது ராஜேஸ்வரி வந்தாள். அவன் மனைவி. விபத்துக்குப் பிறகு கட்டிக்கொண்டு வந்தவள், ஆத்தூர்ப் பக்கம். வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏனுங்ணா, இது வண்டிங்களா, வெட்டுக்கிளிங்களா? முன்னங்காலு ஒண்ணு ஊட்டு வாசல்லயும் பின்னங்காலு ரோட்டுலயும் நிக்கும் போலிருக்குது."

"ஏறிப் பாருங்க அம்மிணி."

"நானாவது இதுல ஏறறதாவது. எனக்குப் பஸ்ஸே போதுஞ் சாமி." பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்னு இருந்தனுங்ணா. அவரு நல்லாத் தூங்கறதில்லீங்க. தூக்கத்துலயே ஆரன் அடிக்கறாப்ல கைய அமுத்தறாரு. அன்னைக்கிருந்து எறக்கத்துல இஞ்சின ஆஃப் பண்றதே இல்லீங்க. மாரியம்மன் கோயில்ல சூடம் அடிச்சு சத்தியம் பண்ணியிருக்காரு. நீங்க மன்னிக்கோணும்னு நான் கேக்கலீங்க. தெரிஞ்சுக்கோணும்னுதான் சொன்னேன்."

இதைக் கேட்டபோது எனக்குக் கோபமும் வரவில்லை, இரக்கமும் வரவில்லை. எல்லாம் லேத்தில் கடைந்து முடித்த பிறகு ஒரு தண்டு துளைக்குள் போக மறுத்தால் வருமே, அந்த எரிச்சல் வந்தது. அவன் திருந்திவிட்டான். திருந்தியதால் வண்டி பத்திரமான வண்டியாகிவிட்டது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் அந்த ஒரு டிரம்மே அவனை அடிவாரம் வரை பூப்போல இறக்கிவிட்டுவிடும்.

அவள் போகும்போது கேட்டாள்: "வண்டி பத்திரமா இருக்குமுங்களா?"

"ஒரு ஒட்டுக்கூட விடாது அம்மிணி" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

தண்டு போகாவிட்டால் துளையைக் கொஞ்சம் தேய்த்துக்கொள்ள வேண்டும். அதற்கான வழி இஞ்சினுக்குள்ளேயே இருந்தது. அதில் புது பிஸ்டன், புது ரிங் போட்டிருந்தேன். புது ரிங் சிலிண்டரோடு பொருந்தி உட்கார நாளாகும், அதுவரை இஞ்சினை விரட்டக் கூடாது; இது எல்லோருக்கும் தெரிந்தது. அதோடு ஒரே ஒரு பொய்யைச் சேர்த்தால் போதும்.

சோதனை ஓட்டம் நானே ஓட்டினேன். முதலில் கியரில் இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி டிரம்மில் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். சும்மா ஆவி வந்தது. மறுநாள் அணைத்துவிட்டு உருட்டினேன். ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் நடுவில், நேர்ப்பாதை இருக்கும்போதே ஒரு கையை எடுத்துக் கியரில் போட்டு நிறுத்திப் பார்த்தேன். தெளித்த தண்ணீர் விழுந்ததும் வெடித்துப் போயிற்று. இன்னும் எத்தனை வளைவு தாங்கும் என்பது அதிலிருந்து தெரிந்தது. அவன் எடைக்கு, மூங்கில் புதர் உள்ள வளைவு வரை. செல்வமேரி கிடந்த இடமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு ஆசை இருந்தது. அது நிறைய மேலே. சூடு நம் ஆசைக்கு ஏறாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். இறக்கம் தொடங்கும் இடத்தில் டீக்கடைக் கூட்டமெல்லாம் வந்து நின்றது. சின்னையன் வண்டிக்கு மாலை போட்டு எலுமிச்சம்பழம் வைத்தான். ராஜேஸ்வரி கையில் பையோடு ஓரமாக நின்றாள். அவள் பஸ்ஸில் வருவதாகவும், சேலத்தில் அவள் அக்கா வீட்டில் இருவரும் சேர்ந்துகொள்வதாகவும் ஏற்பாடு.

"தம்பி" என்றேன். "புது ரிங்கு. எறக்கத்துல இஞ்சின் இழுபட்டா சிலிண்டர்ல கோடு உளுந்துரும். அடிவாரம் வரைக்கும் ஆஃப் பண்ணீட்டு உருட்டீட்டே போயிருங்க."

அவன் கை சாவியின் மேலேயே நின்றுவிட்டது. ராஜேஸ்வரி முன்னால் வந்தாள். "ஆஃப் பண்ண மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்களே."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். கூட்டமும் என்னைத்தான் பார்த்தது. அந்தச் சத்தியத்திலிருந்து அவனை விடுவிக்க இந்த மலையில் ஒரு ஆளுக்குத்தான் உரிமை, அது நான்தான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"அது நடந்து முடிஞ்சுதுங்க" என்றேன். "நானே சொல்றனல்லொ. ஆஃப் பண்ணுங்க."

அவன் கண் கலங்கிவிட்டது. வண்டியிலிருந்து இறங்கி என் காலைத் தொட வந்தான், தடுத்துவிட்டேன். ராஜேஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு பையைச் சின்னையனிடம் கொடுத்து, "ஜீப்புல கொண்டாந்துருங்க" என்று சொல்லிவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "அண்ணனே மன்னிச்சுட்டாரு, இனி எனக்கென்ன பயம்?"

பின்னால் இருக்கையும் சாய்ந்துகொள்ளக் கம்பியும் படத்தில் இருந்தன, அதனால் செய்திருந்தேன். வேறு எந்த எண்ணமும் இல்லை.

அவன் சாவியைத் திருப்பினான். இஞ்சின் நின்றது. கூட்டம் கைதட்டிக்கொண்டே தள்ளிவிட்டது. சத்தமே இல்லாமல் போனார்கள். பாதையோரம் பலாச்சுளை விற்கும் வெள்ளையம்மாள் உங்களிடம் சொல்லியிருப்பாள், வண்டிச் சத்தம் கேட்கவில்லை, ஆரன் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டே வந்தது என்று. யாரையும் இடித்துவிடக் கூடாதே என்று அடித்திருப்பான்.

அவள் ஏறியதும் கணக்கை மாற்றிப் போட வேண்டியிருந்தது. இரண்டு பேர் கனத்துக்கு மூங்கில் வளைவு வரை தாங்காது. அதற்கு மேலேயே, தண்ணீர் ஒழுகும் பாறை வளைவு என்று அங்கேயே நின்று போட்டேன். நீங்கள் அவர்களை எடுத்தது அங்கேதான். ஆக, வெல்டிங் என்று எழுதாதீர்கள். குணசீலனைக் கொன்றது நான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தப் பெண்ணின் கணக்கை மட்டும் என்மேல் எழுத வேண்டாம். அவளுக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது என்றுதானே, கிளம்பும்போது குனிந்து பார்த்து, "முந்தானைய நல்லா இளுத்துச் செருகிக்குங்க அம்மிணி, செயின்ல மாட்டிக்கும்" என்று அத்தனை பேரில் நான் ஒருவன் மட்டும் சொன்னேன்.