பத்து மாத்திரை, இரண்டு காய்ச்சல்

1978 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, கென்யாவின் லைக்கிபியாவில் எவாசோ ஆறு கரை மீறியது. எங்கள் ஆய்வு முகாமுக்கு வரும் மரப்பாலம் காலை பத்து மணிக்குப் போனது.

அன்று மதியம் நல்ல சாப்பாடு, ஐயா. உகாலி என்னும் மக்காச்சோளக் களியும் பீன்ஸும். பாலம் போனதைக் கொண்டாடுவதுபோல் சமையல்காரர் ஒபுயா வெங்காயத்தைத் தாராளமாகப் போட்டிருந்தார். நாங்கள் நான்கு பேர்: நான், ஒபுயா, ஓட்டுநர் முசெம்பி, அவருடைய அண்ணன், முகாம் காவல்காரர் முதுவா.

ஒன்பது ஆண்டுகளாக நான் பபூன் குரங்குகளைப் பார்த்து எழுதுகிறேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, யார் யாருக்குப் பேன் பார்க்கிறது, யார் யாரைக் கடிக்கிறது என்று. எங்களுக்கு ஒரே ஒரு விதி: பார்ப்பவன் எதையும் கொடுக்கக் கூடாது. ஒரு வாழைப்பழம் கொடுத்தால் ஒரு மாதத்துக் குறிப்பு பாழ்.

குரங்கு தன் ரத்தத்துக்குத்தான் உதவும், மனிதரும் அப்படித்தான். அண்ணன் உடம்பில் நம்மில் பாதி இருக்கிறது; அதனால் அண்ணனுக்காக அழுகிறோம். கல்யாணம், தேவாலயம், தேர்தல் எல்லாம் அதே கணக்கு. இது புரிந்த பிறகு எனக்கு யார்மேலும் கோபம் வந்ததில்லை. மழையை யாராவது கோபித்துக்கொள்வார்களா?

ஒபுயாவுக்கு இதில் நம்பிக்கை இல்லை. கரண்டியோடு நின்று கேட்பார். "டாக்டர், நான் லுவோ இனம், நீங்க கிகுயு இனம். உங்களுக்கு ரெண்டாவது கரண்டி போடறேனே, அது எந்த ரத்தம்?"

"என்னைக்காவது நானும் ஒதவுவேன்னு ஒங்க ஒடம்பு கணக்குப் போடுது."

"அப்படியா? என் ஒடம்பு கணக்குல ரொம்ப மட்டம், டாக்டர்."

எல்லோரும் சிரித்தோம். பல்லைக் காட்டுவது பணிவின் அடையாளம் என்று நான் விளக்கினேன். "அதான் முசெம்பிக்குப் பல்லே இல்ல" என்றார் ஒபுயா. மறுபடி சிரித்தோம். முகாமில் பகை இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை.

பதினாறாம் தேதி காலையில் ஒபுயாவும் முதுவாவும் ஒன்றாகக் காய்ச்சலில் படுத்தார்கள். நான் மருந்து டப்பாவை மேசையில் வைத்தேன். மலேரியா மாத்திரை பத்து இருந்தது. ஓர் ஆளுக்குச் சரியாகப் பத்து வேண்டும். இதைச் சொல்லிவிட்டு நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தேன். முசெம்பி அண்ணனுக்காக டப்பாவை எடுப்பார், ஒபுயா தடுப்பார் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன்.

முசெம்பி டப்பாவைத் தொடவில்லை. "ஆளுக்கு அஞ்சு போடுங்க" என்றார்.

"பாதி மருந்து பாதிப் பாலம் மாதிரிடா" என்றார் ஒபுயா. "ரெண்டு பேரும் ஆத்துலதான் விழுவோம். ஒங்கண்ணனுக்குக் குடு. நான் ஏரிக்கரைக்காரன். இந்தக் காய்ச்சல் என்கூடப் பொறந்தது."

"பொய் சொல்லாதண்ணே" என்றார் முசெம்பி ஒபுயாவிடம்.

"நான் செத்தா ஒன் சமையலத் திங்கணுமேன்னு டாக்டர் விடமாட்டாரு. போ, தண்ணி கொண்டா."

விக்டோரியா ஏரிக்கரையில், மலேரியாவுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு ஓர் எதிர்ப்புச் சக்தி உண்டுதான். ஆனால் பன்னிரண்டு ஆண்டு மேட்டு நிலத்தில் இருந்தவருக்கு அது மிஞ்சியிருக்காது. எனக்குத் தெரியும். சொல்லவில்லை, சொன்னால் நடத்தை மாறிவிடும். டப்பாவில் முதலில் ஐம்பது மாத்திரைகள் இருந்தன. பாலம் போன அன்றே நாற்பதை எடுத்து, குரங்கு மண்டை ஓடுகள் வைக்கும் என் பெட்டியில் போட்டிருந்தேன். இப்படி அடைபட்ட ஒரு கூட்டம் ஆய்வாளனுக்கு ஆயுளில் ஒருமுறைதான் கிடைக்கும்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினேன். முதுவா தேறினார். ஒபுயா பத்தொன்பதாம் தேதி என்னை அவர் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அதையும் எழுதினேன். அவர் கையை என் கை அருகே கொண்டுவந்தபோது நாற்காலியைப் பின்னால் நகர்த்தினேன். இருபதாம் தேதி காலை ஆறு நாற்பதுக்குக் கடைசிக் குறிப்பு. சகோதரர்கள் இருவரும் அழுதார்கள். ரத்த உறவு இல்லாதவருக்காக அழுதது எனக்கு இன்னொரு சிக்கல்.

ஒபுயாவின் மனைவி அச்சியெங்குக்கு இரங்கல் கடிதம் எழுதினேன். முசெம்பியும் முதுவாவும் கம்பா இனம்; ஒபுயாவின் முன்னோரில் கம்பா இனத்தார் யாராவது உண்டா என்று அதிலேயே கேட்டேன். இருந்தால் என் கணக்கு எல்லாம் சரியாகிவிடும். ஊர் ஆசிரியரைக் கொண்டு பதில் எழுதியிருந்தார்: "எங்களுக்குத் தெரிந்து யாரும் இல்லை. அவர் எப்போதும் அப்படித்தான்."

பெட்டியை வண்டியில் ஏற்றும்போது முசெம்பி மாத்திரைகளைப் பார்த்து உங்கள் காவல் நிலையத்துக்கு வந்தது ஏப்ரலில். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கூட்டத்தில் அப்படி ஒருவர் இருப்பார். என் கட்டுரை அதற்கு முன்பே, மார்ச்சில், அச்சாகிவிட்டது. முடிவுகள் கொள்கையோடு முழுமையாகப் பொருந்தின. காய்ச்சலில் இருந்தவரின் நடத்தை இயல்பானதல்ல என்பதால், ஒபுயாவைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டேன்.