பக்கத்து சீட்டு

— கிளட்ச்ச முழுசா மிதி. அரைமிதியில கியர் போட்டா பல்லு தேஞ்சிடும்.

— காலம் பூரா பஸ் ஓட்டுறவளுக்கு கிளட்ச்சு பாடமா? நல்லா இருக்குய்யா வெல்டரே.

— பஸ் வேற, இது வேற டிரைவரம்மா. அது எருமை. தள்ளினாத்தான் போகும். இது கன்னுக்குட்டி, தொட்டாலே துள்ளும்.

— துள்ளுறது என் இடுப்புக்குல்ல தெரியுது. இவ்ளோ தாழ உக்கார வச்சிருக்கியே, தார் ரோட்டுல பாய் விரிச்சு உக்காந்த மாதிரி இருக்கு. பக்கத்துல போற லாரிச் சக்கரம் என் காதுக்கு நேரா சுத்துது.

— இங்கிலீஷ்காரன் இந்தக் காரு சீட்ட தெரிஞ்சுதான் தாழ வச்சான். அப்பத்தான் வளைவுல ஒட்டிக்கிட்டுப் போகும். இந்தா வரப்போகுது பாரேன். பிரேக்குல கால் வைக்காத. மூணாவதுல போடு. ஸ்டியரிங்க லேசா காட்டு, போதும்.

— அட... ஆமா, ஒட்டிக்கிட்டுதான் போகுது. இருய்யா, வளைவு வர்றது ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?

— சூளைப் புகை வாடை அடிச்சுதுல்ல. அதத் தாண்டினா வளைவு.

— கண்ணுக்குப் பதிலா மூக்கு. டாக்டருகிட்ட சொல்லு, மூக்குக்கு லைசன்ஸு குடுப்பாரான்னு பாப்போம்.

— கிண்டல் பண்ணு, பண்ணு. ஊரே இந்த வண்டியக் கிண்டல்தான் பண்ணிச்சு. ஆப்பு மாதிரி மூஞ்சி, கதவுக்கு முட்டுக் குடுக்கலாம், மரம் பொளக்கலாம்னு. மத்த இங்கிலீஷ் ரெண்டு சீட்டுக் காருன்னா வாயப் பொளந்துக்கிட்டு நிப்பானுங்க. இதுக்கு மட்டும் மவுசு இல்ல. எவனாவது இந்த வளைவுல ஒரு தடவ ஓட்டிப் பாத்திருப்பானா?

— யாரும் சீந்தாதத தூக்கிட்டு வர்றதுல ஒன்ன மிஞ்ச ஆள் இல்ல. என்னையும் அப்படித்தான கட்டிக்கிட்டு வந்த.

— ஒன்ன எடுத்தப்ப தரை ஓட்டை இல்ல. இதுல காலை வச்சா ரோட்டுல நின்னேன். கதவுக்குக் கீழ இருக்கிற இரும்பு பூரா துரு, அப்பளமா நொறுங்கிச்சு. மேல கூரை இல்லாத வண்டி பாரு, அந்த இரும்புதான் முதுகெலும்பே. குறுக்க கம்பி வச்சுப் பத்தவைக்காம அத அறுத்தோம்னா வண்டி நடுவுல மடிஞ்சிடும். அப்புறம் ஜென்மத்துக்கும் கதவு சாத்தாது.

— இத நான் தூக்கத்துல கூட சொல்லுவேன். அத்தன தடவ கேட்டாச்சு. ஆமா, கடைசியா வச்ச வெல்டிங் எல்லாம் கையால தடவிப் பாத்து வச்சதுன்னு அன்னைக்கு ஒளறினியே, அது எந்தப் பக்கம்?

— உன் பக்கம், என் கண்ணு நல்லா இருந்தப்ப வச்சது. பயப்படாத. தடவி வச்சது என் பக்கம்.

— அப்ப நீதான் மொதல்ல ரோட்டுல எறங்குவ.

— எறங்குறேன், எறங்குறேன். லைட்டு சுவிட்ச்சப் போடு, மூக்குக்குள்ள மடங்கிக் கெடக்கிற ரெண்டு லைட்டும் கண்ணு முழிக்குதா பாப்போம்.

— இடது கண்ணு எழும்பிடுச்சு. வலது கண்ணு பாதியில நிக்குது. வண்டிக்கும் ஒனக்கும் ஒரே வியாதிய்யா.

— ஒயரு லூசா இருக்கும், பாத்துக்கலாம். எனக்குத்தான் ஒயரு இல்ல. நடுவுல கறுப்பு. நேரா பாத்தா இருட்டு, ஓரக்கண்ணுல பாத்தா வெளிச்சம். இப்ப உன் மூஞ்சி தெரியல, காது தெரியுது.

— காது போதும். நீ பேசுறத அதுதான கேக்கணும்.

— சலிச்சுக்கிறியே.

— விடியுறதுக்கு முன்னால எந்திரிச்சுப் போயி ரெண்டு ஷிப்டு ஓட்டிட்டு வந்து, சோத்துல கை வைக்குமுன்ன 'வா ஓட்டிப் பாக்கலாம்'னா சலிக்காம? நாள் பூரா ஸ்டியரிங் பிடிச்சவ கையில இன்னொரு ஸ்டியரிங்க குடுக்கிற. நேத்து கடைசி டிரிப்பு முடிஞ்சு டிப்போவுல நிறுத்தினேன். எறங்கவே தோணல. அப்படியே உக்காந்திருந்தேன். வண்டி கழுவறவங்க வந்து பக்கெட்டுத் தண்ணிய ஊத்தி, என் செருப்பு நனஞ்ச பிறகுதான்...

— இரு இரு. கேளு.

— என்னத்த?

— ரெண்டு கார்புரேட்டரும் ஒரே மூச்சா இழுக்குது, கேக்குதா? ரப்பர் குழாய ஒரு முனை காதுல, ஒரு முனை அதோட வாயில வச்சு, இது உஸ்ஸுங்குதா அது உஸ்ஸுங்குதான்னு கேட்டுக் கேட்டுத் திருகினது. கண்ணே வேண்டாம் அதுக்கு. ம்... நீ என்னவோ சொன்னியே?

— ஒண்ணுமில்ல. செருப்பு நனஞ்சிடுச்சுன்னேன்.

— வேற வாங்கிக்க. எத்தன நாளு அதையே போடுவ.

— லீவு கேட்டேன். 'ஓட்ட ஆளு இல்லம்மா, அடுத்த மாசம் பாக்கலாம்'னான் மேனேஜரு. போன மாசமும் அதையேதான் சொன்னான்.

— கெடைக்கும் விடு. கெடச்சதும் இதுல மலைப்பாதைக்குப் போவோம். அந்த வளைவுக்கெல்லாம் இது எப்படிப் போகும் தெரியுமா?

— யாரு ஓட்டுறது?

— நீதான்.

— அப்ப அது லீவா?

— மலைக்காத்து வேற அடிக்கும்ல.

— காத்து அடிக்கட்டும்யா. எனக்கு என்ன ஆசை தெரியுமா? ஒரு நாளு பக்கத்து சீட்டுல உக்காரணும். கைய மடியில வச்சுக்கணும். எவன் குறுக்க வர்றான், எந்த மாடு எந்திரிக்குதுன்னு பாக்காம, மரமா பாத்துக்கிட்டுப் போகணும். நம்ம கல்யாணத்தன்னைக்கும் நான்தான வேன ஓட்டினேன். டிரைவரு குடிச்சிட்டு வந்தான்னு.

— மாலையோட ஓட்டின.

— மாலை ஸ்டியரிங்குல மாட்டிக்கிச்சு. நீ பக்கத்துல உக்காந்து சிரிச்ச.

— அப்ப நான் கேக்குறதும் அதத்தானம்மா. என் கையில குடு. நீ பக்கத்துல உக்காரு. ஒன் ஆசையும் தீரும், என் ஆசையும் தீரும்.

— அரைக்குருடன் ஓட்ட, அசந்தவ உக்கார. நல்ல ஜோடி.

— குருடன்னே சொல்லு. பரவால்ல.

— கோவிச்சுக்காத. வாய்தவறி வந்துடுச்சு.

— ஒரே ஒரு தடவம்மா. ஏழு வருஷம் இதோட அடியில படுத்துக் கெடந்திருக்கேன். துரு கண்ணுல விழும், கிரீஸு வாயில விழும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் என் கை தெரியும். ஆனா இது ஓடுறப்ப கையில எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. கறுப்பு பெருசாகும், சின்னதாகாதுன்னுட்டாரு டாக்டரு. இன்னும் கொஞ்ச நாள்ல ஓரமும் போயிடும். அப்புறம் கேட்டாலும் நீ குடுக்க முடியாது.

— ரோட்டுல குடுக்க மாட்டேன்.

— ரோடு வேண்டாம். பழைய ஏரோபிளேன் மைதானத்துக்குத் திருப்பு. அங்க ஒரு பய இருக்க மாட்டான்.

— அதுக்குத்தான் இந்தப் பக்கமா கூட்டிட்டு வந்தியா? கள்ளன்யா நீ. சரி... கேட்டுல வாட்ச்மேன் நிக்கிறாரு. நீ பேசாத, நான் பேசிக்கிறேன். அண்ணே! புது வண்டி, ஒரு வட்டம் அடிச்சுப் பாத்துட்டு போயிடறோம்ணே.

— இதுவா புது வண்டி? என்னம்மா இது, மூக்க எவனோ மிதிச்சுத் தட்டையாக்கின மாதிரி? ஒரு கண்ணு வேற பாதி முழிச்சுக்கிட்டு இருக்கு. போங்க, போங்க. அந்தக் கோடியில கொட்டகைச் சுவரு இருக்கு, கருங்கல்லு. அங்கிட்டு மட்டும் போகாதீங்க.

— போகல அண்ணே. ரொம்ப தேங்க்ஸ்.

— நல்ல மனுஷன். இங்கயே நிறுத்து. நான் அந்தப் பக்கமா வர்றேன்... எங்க கைப்பிடி... ஆங். எறங்கும்மா.

— தலைய இடிச்சுக்காத. இரு, சீட்ட பின்னால தள்ளு. நான் சொன்னா சொன்னபடி கேக்கணும். இடதுன்னா இடது. நில்லுன்னா நில்லு.

— நீ கண்டக்டரு, நான் டிரைவரு.

— போலாம் ரைட்.

— போறேன்... போறேன்மா... பாரேன், போகுது!

— நேரா. இன்னும் நேரா. ரெண்டாவது போடு. ம்... மூணாவது. இப்ப லேசா வலது. இன்னும், இன்னும். போதும். நேரா. பள்ளம் ஒண்ணு வருது, இடது கொஞ்சம். ஆச்சு.

— அம்மாடி. கையில எப்படித் துடிக்குது. பின்னால யாரோ ரெண்டு கையால தள்ளுற மாதிரி இருக்கு. இவ்ளோ நாளா இது உள்ளாற இருந்திருக்கு பாரேன்.

— நல்லா ஓட்டுறய்யா. வலது. நல்லா ஒடி... சரி. வட்டம் சுத்திட்டோம். போதுமா?

— இன்னொண்ணு. இன்னொண்ணே ஒண்ணு.

— ம். போ.

— எப்படி இருக்கு பக்கத்து சீட்டு?

— நல்லா இருக்கு. காத்து மூஞ்சியில அடிக்குது. கைக்கு வேல இல்ல. கை யாருதோ மாதிரி இருக்கு.

— சாஞ்சு உக்காரு. இந்த வட்டத்துல நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், தப்பா போனா மட்டும் சொல்லு. ஓரத்துல வெள்ளைக்கோடு எனக்குத் தெரியுது. பாரேன், கோட்டோட போறேன்... நாலாவது போடட்டா? போட்டுட்டேன். கேக்குதா இஞ்சினு? கொஞ்சங்கூட முனகல. அந்த ஆப்பு, கீப்புன்னு சொன்னவனெல்லாம் இப்ப வரணும்... என்னம்மா, சத்தத்தையே காணோம். சரியா போறேன்ல? சரியா போனா நீ பேச மாட்டன்னு தெரியும். திட்டுறதுக்குத்தான வாயத் தொறப்ப. இப்பத் திரும்பணுமா? இன்னும் கொஞ்சம் இருக்கும்... கோடு இருக்கு, இருக்கு... கோடு எங்க? என்னம்மா, கோடு...

— நிறுத்துங்க! யோவ், நிறுத்துய்யா! நிறுத்து!

— யாரு? என்ன?

— என்னவா? காட்டுக் கத்தலா கத்திக்கிட்டு ஓடியாரேன், காது கேக்கல? கண்ணுமா தெரியல?

— வாட்ச்மேனா? என்ன ஆச்சுங்க?

— எறங்கி, வண்டியத் தடவிக்கிட்டே முன்னால வாய்யா. வண்டி மூக்குக்கு முன்னால கைய நீட்டு. இன்னும் எட்டி. தட்டுப்படுதா?

— ...கல்லு.

— சுவரு! சொன்னேன்ல, அங்கிட்டு போகாதீங்கன்னு? கண்ணு தெரியாமயா ஓட்டுற? அந்தம்மா நல்லா ஓட்டிட்டு வந்துச்சு, அதுகிட்ட குடுக்கக் கூடாது? ஆமா, என்ன அதுக்கு? தலை சாஞ்சு கெடக்கு.

— ஏம்மா? டிரைவரம்மா? அடி எதுவும் பட்டுடுச்சா? ஐயோ, எனக்குத் தெரியலையே, பாருங்களேன், பாத்துச் சொல்லுங்களேன்!

— பதறாத, பதறாத. அடியெல்லாம் ஒண்ணுமில்ல. மூச்சு சீரா வருது. தூங்கிடுச்சுய்யா.

— தூங்கிட்டாளா?

— கண்ண மூடி, கைய மடியில வச்சுக்கிட்டு, பச்சப்புள்ள கணக்கா.

— மெதுவா பேசுங்க. எழுப்பிடாதீங்க. ரெண்டு ஷிப்டு பாத்துட்டு வந்தவ. லீவும் குடுக்க மாட்டேங்கிறாங்க.

— அது சரி. எந்திரிச்சதும் அதையே ஓட்டச் சொல்லு. நீ தொடாத. நான் கேட்டுல இருக்கேன்.

— சரிங்க. கோவிச்சுக்காதீங்க.

— ஒன் நல்ல நேரம்யா. போறேன்.

— ...தூங்கு. தூங்கும்மா. தெரிஞ்சுக்கிட்டேன், போதும். இனிமே சாவியத் தொட மாட்டேன். நீ தூங்கினதும் நல்லதாப் போச்சு. முழிச்சிருந்தா அந்தச் சுவர பாத்துப் பயந்திருப்ப.

— தூங்கலய்யா.

— என்னம்மா?

— சுவரு வர்றத பாத்துக்கிட்டுதான் இருந்தேன். சொல்ல அலுப்பா இருந்துச்சு, கண்ண மூடிக்கிட்டேன்.