ரெபூட்டியா ஒரே பேரினம்தான்

தீபாவளிக்கு முதல் நாள் மதியத்துக்குள் மாசாயிலுள்ள என் கடையில் பூ தீர்ந்துவிடும், ஐயா. மல்லிகை, செவ்வந்தி, கேமரன் மலை ரோஜா எதுவும் மிஞ்சாது. வேலையாட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பின்பக்கக் குளிரறையை நானே கழுவித் துடைப்பேன். அப்புறம் அந்த அறையில் கடைசித் தட்டிலுள்ள என் செடிகள் மட்டும்தான் இருக்கும்.

அந்தச் செடிகளைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. ரெபூட்டியா என்று பெயர். பொலிவியா, அர்ஜென்டினா மலைகளில் பாறை இடுக்குகளில் வளரும் சின்னக் கள்ளி. எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். பூ உச்சியில் வராது. அடியைச் சுற்றிச் சிவப்பாகவும் மஞ்சளாகவும் வரும். ஜொகூர் சூட்டில் அது சும்மா உட்கார்ந்திருக்கும். சில மாதங்கள் தண்ணீர் இல்லாமல் குளிரில் கிடந்தால்தான் மொட்டு விடும். பூ மொத்த வியாபாரி என்பதால் என்னிடம் குளிரறை இருந்தது. "நாள் முழுக்கப் பூவோடதானே கெடக்குறீங்க, இன்னும் இது வேறயா?" என்று என் மனைவி செல்வராணி கேட்பாள்.

இந்தக் கள்ளிகளை வகைப்படுத்துவதில் பழைய சண்டை ஒன்று உண்டு. ஒரு காலத்தில் எல்லாவற்றையும் ரெபூட்டியா என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். பிறகு சிலர் பிரித்தார்கள். பூவின் அடிக்குழல் மொழுமொழுவென்று இருந்தால் ரெபூட்டியா. குழலில் முடி இருந்து, உள்ளே சூல்தண்டு குழலோடு ஒட்டியிருந்தால் அது அய்லோஸ்டெரா, வேறு பேரினம். மரபணு ஆராய்ச்சியும் அதையே சொல்வதாகச் சொல்கிறார்கள். நான் ஏற்கவில்லை. பார்த்தாலே தெரியும், எல்லாம் ஒரே பேரினம். என்னிடம் ஆதாரமும் இருந்தது. உடம்பும் முள்ளும் அய்லோஸ்டெரா மாதிரி, பூக்குழலோ மொழுமொழு. இரண்டுக்கும் நடுவே நிற்கும் செடி. அதற்கு 'சுகுமாறனி' என்று பெயர் வைத்தேன். என் பெயர்தான். வெளிநாட்டுக் கள்ளிக்காரர்கள்கூட அதன் படத்தைக் கேட்டு எழுதினார்கள். தீபாவளி முடிந்ததும் குளுவாங்கில் நடக்கவிருந்த கள்ளி வளர்ப்போர் கூட்டத்தில் அதைப் பற்றி நான் பேசுவதாக இருந்தது.

மதிவாணனும் என்னைப் போலக் கள்ளி வளர்ப்பவன்தான். உலு திராமில் இடைநிலைப்பள்ளி ஆசிரியன், உயிரியல் பாடம். என்னைவிட இளையவன், அதனால் அவன் இவன் என்று சொல்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். நல்லவன். போன வருடம் இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தபோது நான்தான் மருத்துவமனையில் துணைக்கு இருந்தேன்.

அன்று மதியம் மோட்டார் சைக்கிளில் முறுக்கு டின்னோடு வந்தான். கைப்பேசியை என் மேசையில் சார்ஜில் போட்டான். முன்கூட்டியே குளிரிலிருந்து எடுத்து வைத்த ஒரு சுகுமாறனி அங்கே பூத்திருந்தது.

"ஒரு பூவ அறுத்துப் பாக்கலாமாண்ணே?"

வேண்டாம் என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. சவர பிளேடால் நீளவாக்கில் பிளந்தான். பூதக்கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்தான்.

"சூல்தண்டு குழலோட ஒட்டித்தான் இருக்குண்ணே. இது அய்லோஸ்டெராதான்." கண்ணாடியைக் குழலின் வெளிப்பக்கம் கொண்டுபோனான். "குழல்ல புள்ளி புள்ளியா தழும்பு இருக்கு. யாரோ முடியப் புடுங்கியிருக்காங்க."

நான்தான் பிடுங்கினேன், ஐயா. மொட்டாக இருக்கும்போதே இடுக்கியால் சுத்தம் செய்துவிடுவேன். அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். மாலைக்குப் போகும் ரோஜாவில் வாடிய இதழைக் கிள்ளுவதில்லையா? உண்மை கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மதி சத்தம் போடவில்லை. "கூட்டத்துல நீங்களே சொல்லிடுங்கண்ணே. தப்பாப் பாத்துட்டேன்னு சொன்னா போதும் லா. தழும்பப் பத்தி நான் வாயத் தொறக்கமாட்டேன்" என்றான். நான் அழப்போகிறேன் என்று நினைத்தானோ என்னவோ, தோளில் கைவைத்தான்.

சரி என்றேன். உள்ளே இருக்கும் மற்றச் செடிகளையும் பார்த்துவிடு என்றேன். அவன் குளிரறைக்குள் போனான். கதவு திறந்து கிடந்தால் குளிர் வெளியேறிவிடும். அதனால் சாத்தினேன்.

உள்ளிருந்து திறக்கும் பிடி ரமலான் நோன்பு மாதத்திலேயே உடைந்துவிட்டது. புதுப்பிடி வாங்கி வைத்திருந்தேன், மாட்ட நேரம் கிடைக்கவில்லை. விசாரணையில் இதைத்தான் முதலில் சொன்னேன். நேரம் கிடைத்தது, ஐயா. அன்றைக்கும்கூட இருந்தது.

"அண்ணே, கதவு மாட்டிக்கிச்சு" என்று குரல் வந்தது. பிறகு, "அண்ணே, வெளையாடாதீங்க லா." பிறகு தட்டினான். கனமான கதவு, வெளியே பக்கத்து வீட்டில் கதவு தட்டுவது போலத்தான் கேட்கும். நான் மேசையைத் துடைத்தேன். அறுத்த பூவைக் குப்பையில் போட்டேன். அவன் கைப்பேசி ஒளிர்ந்து சாந்தினி என்று காட்டியது. அவன் மனைவி. அதை அணைத்தேன். மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சாமான் கொட்டகைக்குள் நிறுத்தினேன். கிளம்புவதற்கு முன் குளிரை இன்னும் கூட்டி வைத்தேன். செடிகளுக்கு ஒன்றும் ஆகாது. மலையில் உறைபனியைத் தாங்குபவை.

அன்று மாலை சாந்தினி அழைத்தாள். "அண்ணே, இவரு அங்க வந்தாரா? போன் எடுக்கமாட்டேங்குறாரு."

"வந்தாரும்மா. முறுக்கு குடுத்துட்டு அப்பவே கெளம்பிட்டாரு."

மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். செல்வராணி கறி சமைத்திருந்தாள், சாப்பிட்டேன். பிறகு சாந்தினியைக் காரில் ஏற்றிக்கொண்டு பாசிர் கூடாங் நெடுஞ்சாலை முழுவதும் மதியைத் தேடினோம். பின்னிருக்கையில் அவன் மகள் லோஷினி புதுப் பாவாடை கசங்காமல் உட்கார்ந்திருந்தாள். "மாமா, அப்பா வந்தப்புறம்தானே மத்தாப்பு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஒவ்வொரு மருத்துவமனையிலும் நானே இறங்கிப் போய் விசாரித்தேன். அன்று அவர்களுக்கு என்னைவிட்டால் யாரும் இல்லை.

அடுத்த நாள் காலை போலீசில் புகார் கொடுத்துவிட்டு வந்துதான் குளிரறையைத் திறந்தேன். செடிகளை எடுக்க வேண்டியிருந்தது. கூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

மதி தட்டுக்குக் கீழே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விரல்முட்டிகளில் தோல் இல்லை. கதவின் உட்பக்கம் முழுக்க ரத்தம். கழுவப் பார்த்தேன், போகவில்லை. நீங்கள் பார்த்தது அதைத்தான்.

ஆனால் ஒன்றை நீங்கள் எழுதிக்கொள்ளவில்லை, ஐயா. செடிகள் அவன் தலைக்கு மேலேயே இருந்தன. கோபத்தில் ஒரு கையை வீசியிருந்தால் போதும், எல்லாம் தரையில் கிடந்திருக்கும். நான் செய்தது அநியாயம் என்று நினைத்திருந்தால் செய்திருப்பான் இல்லையா? ஒரு தொட்டிகூட நகரவில்லை. நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தேன். மதி என்னைப் புரிந்துகொண்டுதான் போயிருக்கிறான்.