ஏழாம் தொட்டியின் வால்வு

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் கலங்கி அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, மகளே, படகோட்டிகளே, கடலுக்கடியில் மூழ்கி உழைக்கும் தோழர்களே, வணக்கம்.

பேசத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருக்க, பம்ப் பார்க்கிறவனுக்கு அக்காவின் இரங்கல் மேடையில் என்ன வேலை? நானாகக் கேட்டுத்தான் ஏறினேன்.

முனைவர், தலைமை ஆய்வாளர் என்று எத்தனை பட்டங்கள் அவருக்கு! நமக்கோ அவர் 'தொட்டி அக்கா'. கடல் சூடேறி நம் பவளத்திட்டு வெளிறியபோது, இனி அவ்வளவுதான் என்று எல்லோரும் கைவிட்டார்கள். கைவிடாதவர் யார்? அக்கா! உயிருள்ள பவளத்தை நகத்தளவு துண்டுகளாக அறுத்தார், தொட்டியில் வளர்த்தார், செத்த பாறைமேல் விரல் இடைவெளி விட்டு ஒட்டினார். ஒரே தாயின் துண்டுகள் வளர்ந்து தொட்டுக்கொண்டால் ஒன்றாகிவிடும். "கூடப்பொறந்ததுங்க சண்டை போடாம ஒட்டிக்கிறது இங்க மட்டும்தான்" என்று சிரிப்பார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஏழாம் தொட்டியில் அறுநூறு துண்டுகள் ஒரே நாளில் செத்தன. ஆவியாகிக் குறைந்த நீரை ஈடுகட்ட விடும் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர், வடிகட்டிக்குப் போகாமல் நேராகப் புகுந்திருந்தது. பக்கவழி வால்வைத் திறந்தது யார்? விசாரணையில் அக்கா எழுந்தார். "நான்தான்" என்றார். தலைமைப் பொறுப்பு போயிற்று. "இவ்வளவு படிச்சும் ஒரு வால்வு தெரியல" என்று நம்மில் எத்தனை பேர் முதுகுக்குப் பின்னால் பேசினோம்!

அன்பர்களே, திறந்தவன் நான். தொட்டி சீக்கிரம் நிரம்பினால் சாப்பிடப் போகலாமே என்று திறந்தேன். அது அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

"ஏன்க்கா இப்படிச் சொன்னீங்க?" என்று விசாரணை முடிந்ததும் அவரிடம் அழுதேன்.

"உன்னை அனுப்பிட்டா பம்ப்பை யாருப்பா பார்ப்பா? தலைவர் இல்லாம பவளம் வளரும். தண்ணி ஓடாம வளருமா?"

"நான் உண்மையைச் சொல்லிடறேன்க்கா."

"பிழைச்ச இதுங்க வளர்ந்து கடலுக்குப் போகட்டும். அப்புறம் சொல்லு."

பிழைத்தவை பதினொரு துண்டுகள். அவற்றையே மறுபடி மறுபடி அறுத்து வளர்த்தார். இன்று ஏழாம் தொட்டியில் தொள்ளாயிரம் இருக்கின்றன. அடுத்த மாதம் கடலில் இறக்க வேண்டியவை. அதைப் பார்க்க அவர் இல்லையே! அந்த நாள்வரை வாய்மூடி இருக்க எனக்கு இனி வெட்கமாக இருக்கிறது.

மகளே, உன் அம்மா எந்தத் தவறும் செய்யவில்லை.

இயக்குநர் அவர்களே, அக்காவின் பதிவேட்டில் இருக்கும் அந்தக் குற்றத்தை என் பேரில் எழுதுங்கள். என்ன தண்டனையானாலும் ஏற்கிறேன். கடைசித் துண்டு பாறையில் ஒட்டும் வரை மட்டும் பம்ப்பை என்னிடம் விட்டுவையுங்கள். அந்தப் பாறையை நாம் அத்தனை பேரும் சேர்ந்து பவளத்தால் மூடுவோம்.

அக்கா, காலையில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். தண்ணி ஓடுதுக்கா.