வருகைத் தலைவி

— எறங்குங்க சார்.

— யாரு, ஷாலினியா? பத்தாவது படிக்கிற பொண்ணு, ஸ்கூல் நேரத்துல ஜீப்ப மறிச்சிக்கினு இன்னா பண்ற?

— ட்யூட்டி சார். பேட்ஜப் பாருங்க, வருகைத் தலைவி. கட் அடிக்கிறவங்கள கூட்டிக்கினு போவணும்.

— அதாவது, அது பசங்களுக்கு.

— ஹெச்.எம். மேடம் பசங்கன்னு சொல்லல சார். கிளாஸுல இருக்க வேண்டியவங்க யாரு இல்லன்னாலும் போயி கூட்டியான்னாங்க. கடைசி பீரியடு கணக்கு. நாங்க எல்லாரும் இருக்கோம், நீங்கதான் இல்ல.

— முருகா, வண்டிய எடுப்பா. மலையெறங்கி சின்னசேலத்துல ரயிலப் புடிக்கணும். முன்சீட்டுல அந்தம்மா வேற குளிருதுன்னு முக்காடு போட்டுக்கினு ஒக்காந்துருக்காங்க, அவங்களுக்கும் நேரமாவுதில்ல?

— எப்டி சார் எடுக்கறது? பாப்பா பானட்டு மேல ஏறி ஒக்காந்துகினு இருக்குது.

— முருகண்ணா, ஒம் பொண்ணு தமிழ்ப்ரியாவும் எங்க கிளாஸுதான். வெள்ளிக்கெழமன்னா அவளுக்கும் கணக்கு கெடையாது, தெரியுமா?

— அப்டியா சேதி? இந்தா, வண்டிய ஆஃப் பண்ணிட்டேன். நீ பேசு பாப்பா.

— அதாவது ஷாலினி, எங்க மாமியாருக்கு கண்ணு ஆபரேஷன்.

— போன வெள்ளிக்கெழமையும் அதான் சார். அதுக்கு முந்துன வெள்ளிக்கெழமையும் அதான். எத்தினி கண்ணு சார் அவங்களுக்கு?

— வாயி, வாயி! இந்த வாய்க்குத்தான் ஒன்ன வூட்டுக்குத் தொரத்துனது.

— நீங்க திட்டுங்க சார், நான் திட்ட மாட்டேன். திட்டக் கூடாதுன்னு ரூல். மொதல்ல கஷ்டம் இன்னான்னு கேக்கணும், கேட்டுட்டேன். அப்பறம் நல்லதா ஒண்ணு சொல்லணும்.

— ஒண்ணும் வேணாம்.

— ஒங்க கையெழுத்து அச்சடிச்ச மாரி இருக்கும் சார். போர்டுல பாத்துதான் ரொம்ப நாளாச்சி.

— முருகா, சிரிக்காத.

— தும்மல் சார்.

— எல்லாம் அந்த விஜயலட்சுமியால வந்த வென. ஹெச்.எம்.னா ஹெச்.எம்.மா இருக்கணும். எங்கியோ ஒரு ட்ரெயினிங் போயிட்டு வந்து, அடிக்காத, அனுப்பாத, தட்டிக்குடு, பேட்ஜ் குத்துன்னு உயிர வாங்குது. அதாவது, ஸ்கூல்லயே கட் அடிக்கிறதுல மொத ஆளு நீ. ஒன்னப் போயி தலைவியாக்கி வச்சிருக்குது!

— அதான சார், எவன் எந்தக் கொல்லையில படுத்துக் கெடப்பான்னு எனக்குத்தான தெரியும்? இளவரசன் ஆடு குட்டி போடப் போவுது, வர முடியாதுன்னான். ஆட்டயும் சேத்து ஓட்டியாந்தேன். வராண்டாவுலயே குட்டி போட்டுச்சி. அப்பலேர்ந்து அவன் லீவே போடல.

— இதுல ஒனக்கு இன்னா லாபம்?

— இந்த வாரம் பூரா கிளாஸுல ஒரு ஆளும் கொறையாம இருந்தா, என் மேல இருக்கற பழைய கேஸெல்லாம் மூடிடறேன்னாங்க மேடம். இல்லன்னா டி.சி.தான். இன்னிக்கிதான் சார் கடைசி நாளு. நீங்க போயிட்டா கிளாஸ் பூரா வெளிய சுத்தும், பழி என் தலையில வுழும்.

— டி.சி. எல்லாம் குடுக்க மாட்டாங்க. மிஞ்சிப் போனா ஒரு வாரம் சஸ்பெண்டு.

— ஒங்களுக்கு அது ஒரு வாரம் சார். நான் வூட்ல சும்மா இருக்கறதப் பாத்தா எங்கம்மா கேரளாவுக்கு மொளகு பறிக்க இட்டுக்கினு போய்டும். போன தபா ஒரு வாரம்னுதான் அனுப்புனீங்க, சீசன் முடிஞ்சிதான் வந்தேன். எனக்கு பயமா இருக்குது சார். இன்னொரு தபா போனா நான் திரும்பி வர மாட்டேன்.

— அத அப்பவே சொல்றதுக்கு இன்னா?

— யாரு சார் கேட்டீங்க?

— சரி, சரி. கண்ணத் தொடச்சிக்க. பானட்ட வுட்டு எறங்கு. இந்தப் பைய புடி, நானும் எறங்குறேன்.

— தேங்க்ஸ் சார்.

— அதாவது ஷாலினி, ஒண்ணு. நான் ஜீப்புல ஏறுனத ஹெச்.எம்.கிட்ட சொல்லாத. அவங்களப் பத்தி ஏதோ வாய்க்கு வந்தத பேசிட்டேன், அதயும்தான்.

— நான் எதுக்கு சார் சொல்லணும்? மேடம், அந்த முக்காட்ட எடுத்துட்டு நீங்களும் எறங்குங்க. பயப்படாதீங்க, ஒங்கள யாரும் வூட்டுக்கு அனுப்ப மாட்டோம்.