பதினாறு முறை ‘நடவடிக்கை இல்லை’

பேசுகிறவர்களின் நேரத்தையெல்லாம் தம் மணிக்கட்டில் கட்டிவைத்திருக்கும் அவைத் தலைவர் அவர்களே! முன்வரிசையை அணிசெய்யும் முப்படை அதிகாரிகளே! என்னோடு கோப்பு சுமந்து கூன் விழுந்த மூத்த தோழர்களே! அந்தக் கூனர்களுக்குச் சட்டை தேய்த்து அனுப்பிவைத்த தாய்மார்களே! பின்சுவரில் சாய்ந்து நிற்கும் ஓட்டுநர்களே, தொலைபேசிப் பிரிவு நண்பர்களே! இன்று மாலை ஐந்து மணியோடு பணி நிறைவு பெறும் எங்கள் மேடம் அவர்களே! உங்கள் அனைவரையும் ஓய்வுபெற்ற ஒரு குறிப்பெழுத்தன் வணங்குகிறேன்.

மேடை எனக்குப் புதிது. முப்பத்திரண்டு ஆண்டுகள் பிறர் பேசியதை எழுதியவன் நான். நான் பேசி எவரும் எழுதியதில்லை. ஆகவே வழி தவறாமலிருக்க, சொல்லப்போவதை எண் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன்.

1. மேடம் வகித்த பிராந்தியப் பாதுகாப்புக் கொள்கை இயக்குநர் என்பது என்ன பதவி.
2. மூன்று படகுகள் வந்த நாளில் நடந்தது என்ன.
3. அந்த நாளைப் பற்றி நான் எழுதிய குறிப்பு சரியானதே.
4. நன்றி.

மூன்றாவதை மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள். எனக்கே விளங்கவில்லை.

முதல் கருத்து. தரை காப்பவன் கையில் துப்பாக்கி உண்டு. கடல் காப்பவன் கையில் கப்பல் உண்டு. வான் காப்பவன் கையில் விமானம் உண்டு. கொள்கை காப்பவர் கையில் என்ன உண்டு? எங்கள் மேடத்தின் மேசையில் நான் கண்டவை: ஒரு வரைபடம், ஒரு தொலைபேசி, ஆறிப்போன ஒரு டீ. இந்த மூன்றைக் கொண்டா ஐந்து அண்டை நாடுகளின் நடுவே ஒரு நாட்டைக் காப்பது? சமையற்காரர் வேலை செய்தால் சோறு தெரிகிறது. கொத்தனார் வேலை செய்தால் சுவர் தெரிகிறது. இவர் வேலை செய்தால் எதுவுமே நடப்பதில்லை! எதுவும் நடக்காத நாளில் இவர் உழைத்தாரா, உறங்கினாரா? எதைக் கொண்டு அளப்பது? எந்தக் கட்டத்தில் எழுதுவது?

என்ன, ஓட்டுநர் தம்பி சிரிக்கிறார்? “நாங்களும் அப்படித்தான் சார், மோதாம வந்தா யாரும் கைதட்டுறதில்ல” என்கிறார். நியாயம் தம்பி. ஆனால் உங்கள் வண்டியில் கிலோமீட்டர் முள் இருக்கிறது. இவர் வேலையில் முள்ளே இல்லை. அதனால்தான் குழம்பினேன். இப்போதும் குழம்பியே நிற்கிறேன்.

இரண்டாம் கருத்து. ஆறு ஆண்டுகளுக்கு முன், மூடுபனி விழுந்த ஒரு காலை. ஒன்பது ஐம்பதுக்குச் செய்தி வந்தது: அக்கரை நாட்டின் மூன்று காவல் படகுகள் நம் எல்லைக்குள் வந்து, நம் கலங்கரை விளக்கத்துக்கு எதிரே நிற்கின்றன. எங்கள் அறைக்குள் கால்கள் ஓடின, கதவுகள் அதிர்ந்தன. கடற்படை அதிகாரி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மேடத்தின் முன் நின்றார்.

“மேடம், ஒரு வார்த்தை சொல்லுங்க. பத்து நிமிஷத்துல முடிச்சிடுறோம்.”

மேடம் வரைபடத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். “முதல்ல உக்காருங்க. எல்லாருக்கும் ஒரு டீ சொல்லுங்க” என்றார்.

“டீயா?”

“சக்கரை கம்மியா.”

அவையோரே, நாட்டின் வாசலில் மூன்று படகுகள். இவர் வாயிலோ சர்க்கரை குறைந்த டீ! பிறகு தொலைபேசியை எடுத்தார். நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார். பேசினார், பேசினார், பிற்பகல் ஒன்று ஐம்பது வரை பேசினார். அதோ மூலையில் குட்டி மேசைக்குப் பின்னால் நான். என் காதில் விழுந்தவை இவ்வளவுதான்: “முழங்காலுக்குச் சுடுதண்ணி ஒத்தடம் குடுங்க... மாடிப்படி ஏறவே கூடாது...” நடுவே ஒரு சிரிப்பு. வீட்டு மனிதர் யாரோ என்று நினைத்தேன்.

ஒன்று ஐம்பதுக்குப் பனி விலகியது. படகுகள் தாமாகத் திரும்பிப் போயின. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. ஓர் உயிரும் போகவில்லை. எப்படி? அன்றும் தெரியவில்லை. இங்கே நிற்கும்போதும் தெரியவில்லை.

மூன்றாம் கருத்து. கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

எங்கள் குறிப்பேட்டுக்கு மூன்று கட்டங்கள்: நேரம், அதிகாரி, உத்தரவு. நெருக்கடி நாளில் கால் மணிக்கு ஒருமுறை எழுதியாக வேண்டும். கட்டத்தை வெறுமையாக விடக்கூடாது. உத்தரவு எதுவும் பிறக்கவில்லையென்றால் ‘நடவடிக்கை இல்லை’ என்று எழுத வேண்டும். அதிகாரியின் சொந்தப் பேச்சைக் குறிப்பேட்டில் ஏற்றக்கூடாது. இது விதி, மரியாதையும்கூட. விதிப்படி எழுதினேன். பத்து மணி: நடவடிக்கை இல்லை. பத்தேகால்: நடவடிக்கை இல்லை. பத்தரை: நடவடிக்கை இல்லை. இப்படிப் பதினாறு முறை! அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, அச்சடித்தாற்போல் எழுத்து. என் வாழ்நாளிலேயே அழகாக எழுதிய பக்கம் அதுதான்.

விசாரணைக் குழு அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தது, பதினாறு முறையும். “நாலு மணி நேரம் என்ன செஞ்சீங்க?” என்று மேடத்தைக் கேட்டது. “காத்துக்கிட்டிருந்தேன்” என்றார். அவருடைய பணிப் பதிவேட்டில் ஒரு வரி ஏறியது: ‘நெருக்கடியில் செயலற்றிருந்தார்.’ ஐந்து நாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவரைக் கீழ்த்தளத்துப் பழைய வரைபட அறைக்கு அனுப்பினார்கள். ஆறு ஆண்டுகளாகக் கரையான் வராமல் காத்துவந்தார்.

போன வாரம் நிர்வாகப் பிரிவுக் கண்காணிப்பாளர் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு படிவம். “ஐயா, அந்தக் குறிப்பை எழுதினவர்தான் திருத்த முடியும். அதுவும் மேடம் வேலையில இருக்கிற வரைக்கும்தான். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குப் பதிவேட்டுக்கு முத்திரை வெச்சிடுவாங்க. அப்புறம் அந்த வரி அவங்க பேரோட சேர்ந்தே நின்னுடும்” என்றார். மேடம் கேட்டனுப்பினாரா என்றேன். “அவங்களுக்கு இது தெரியவே தெரியாதுய்யா. உங்களைப் பேசக் கூப்பிடணும்னு மட்டுந்தான் சொன்னாங்க” என்றார். அது இன்னொரு குழப்பம். என்னை ஏன் அழைக்க வேண்டும்?

என் மனைவி கேட்டாள்: “நீங்க எழுதினது சரியா தப்பா?”

“சரி.”

“அப்புறம் ஏன் ஒரு வாரமா டீயில உப்பைப் போட்டுக் கலக்கிக்கிட்டு இருக்கீங்க?”

தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். படிவம் இதோ என் சட்டைப் பையில் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்: கண்ணால் கண்டதை எழுதினேன், காதால் கேட்டதை எழுதினேன், விதி சொன்னபடி எழுதினேன். என் குறிப்பு சரியான...

யார் அது, பின்னால் கை தூக்குவது? தொலைபேசிப் பிரிவு அண்ணனா? வாருங்கள், முன்னால் வாருங்கள். தலைவர் அவர்களே, மணியடிக்காதீர்கள், ஒரு நிமிடம். அண்ணன் சொல்வது பின்னால் கேட்காது. நான் திருப்பிச் சொல்கிறேன். எனக்குப் பழக்கமான வேலை.

“அன்னிக்கி அந்த லைனைப் போட்டுக் குடுத்து, அறுந்துடாம காதுல வெச்சிருந்ததே நான்தான் சார்” என்கிறார்.

சரி.

“அது அவங்க வீடு இல்ல சார். அக்கரையில இதே வேலை பார்த்தவரு.”

அவையோரே, சற்று அமைதி. அண்ணே, மெதுவாகச் சொல்லுங்கள்.

“பனியில அவங்க படகு ஒண்ணுக்கு இன்ஜின் நின்னு போச்சு. மத்த ரெண்டும் அதை விட்டுட்டுப் போகல. ‘நீங்க சுடாதீங்க, நாங்களும் சுட மாட்டோம், பனி விலகட்டும்’னு ரெண்டு நிமிஷத்துல பேசி முடிச்சிட்டாங்க. ஆனா லைனை வெச்சா ரெண்டு பக்கமும் பயம் வந்துடும். படகுன்னு திரும்பப் பேசினா அவரோட மேலிடம் லைனையே பிடுங்கிடும். அதான் நாலு மணி நேரமும் அவரு சம்சாரத்தோட முழங்காலைப் பத்தியே பேசுனாங்க.”

இதை ஏன் விசாரணையில் சொல்லவில்லை அண்ணே?

“மேலிடம் அடின்னு சொல்லியும் அவரு அடிக்கல சார். வெளிய தெரிஞ்சா அவரு கதி என்ன ஆவுறது? மேடம் எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. போன மாசம் அவரு ரிட்டயர் ஆகி மக வீட்டுக்கு வெளிநாடு போயிட்டாரு. இனிமே யாருக்கும் கேடில்ல. அதான் வாயத் தொறந்தேன்.”

மேடம், இது உண்மையா?

கேட்டீர்களா அவையோரே? “இப்ப எதுக்கு சார் அதெல்லாம்? உங்க டீ ஆறுது” என்கிறார்.

என்ன செய்வேன்! எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்களே, அந்த எழுதியவன் நான்தானா? ஓர் அறையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருவர் போரை நிறுத்திக்கொண்டிருந்தார். மற்றவன் ஏழடி தூரத்தில் உட்கார்ந்து, அழகான கையெழுத்தில், நடவடிக்கை இல்லை, நடவடிக்கை இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தான். துப்பாக்கி வெடித்திருந்தால் எழுத எனக்குக் கட்டம் இருந்தது. வெடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்த கைக்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததால் கையே இல்லை என்று எழுதிவிட்டேனே! மரியாதைக்காகக் காதைப் பொத்திக்கொண்டேன். அந்த மரியாதையே இவரைக் கீழ்த்தளத்தில் இறக்கியது.

மணி என்ன, தலைவர் அவர்களே? நான்கு நாற்பத்தொன்றா? கண்காணிப்பாளர் தம்பி எங்கே? இங்கே வாருங்கள். யாரிடமாவது பேனா இருக்கிறதா? பென்சில் வேண்டாம். மை பேனா.

‘முன்பு எழுதியது’ என்ற இடத்தில்: நடவடிக்கை இல்லை, பதினாறு முறை. ‘திருத்தம்’ என்ற இடத்தில்... என்ன எழுதுவது? பேசினார் என்றா? காத்திருந்தார் என்றா? ஓட்டுநர் தம்பி குரல் கொடுக்கிறார்: “மோதாம கொண்டுவந்தாங்கன்னு எழுதுங்க சார்!” கட்டம் சிறியது தம்பி. ‘மோதல் தவிர்த்தார்’ என்று எழுதுகிறேன். அவசரத்தில் இந்தப் பக்கம் அழகாக வரவில்லை, போகட்டும். பதினாறு முறையும் எழுதிவிட்டுத்தான் இறங்குவேன்.

முதல் கருத்தில் எனக்கிருந்த குழப்பம் முழுதாகத் தீரவில்லை. இந்தப் பதவியை எதைக் கொண்டு அளப்பது என்று இன்னும் எனக்குத் தெரியாது. இரண்டாம் கருத்தை அண்ணன் நிறைவு செய்துவிட்டார். நான்காம் கருத்து நன்றி: பொறுத்திருந்த தலைவருக்கு, வாய் திறந்த அண்ணனுக்கு, உப்பைக் கண்டுபிடித்த என் மனைவிக்கு, இவ்வளவுக்குப் பிறகும் என்னை அழைத்த மேடத்துக்கு. அனைவருக்கும் என் வணக்கம்.

என் மூன்றாவது கருத்து தவறு.